சிறுவர் நாடகத்தில் நடிக்க வருகிறீர்களா? புதியவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதிகளில் பள்ளிகள், நூலகங்கள், குடியிருப்பு வளாகங்கள் என்று குழந்தைகளுக்கு நாடகம் போடும் ஓர் அமெச்சூர் குழுவில் நான் நடிக்கிறேன். எங்களோடு சேர வருகிறவர்களில் வங்கி ஊழியர், செவிலியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என எல்லாரும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரியவர்கள் குழந்தைகளுக்காக நடிப்பதைப் பற்றியது இந்தப் பக்கம். குழந்தைகளை நடிக்கவைப்பது தனிக் கலை, அதற்குள் போகவில்லை.

மேடை ஏறிய அனுபவமே இல்லை. நான் நடிக்கலாமா?

தாராளமாக. பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டு நாடகம் போடுவது தமிழில் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் படித்து வேறு வேலைகளில் இருந்தவர்கள்தான். அவரே வழக்கறிஞராக இருந்து பிறகு நீதிபதியானவர். இன்னொரு பக்கம் தொழில்முறை பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் அமைத்த பால சபையில் சிறுவர்களே எல்லா வேடங்களும் கட்டிப் பெரியவர்கள் முன்னால் ஆடினார்கள். பெரியவர்கள் வேடம் கட்டிச் சிறுவர்கள் முன்னால் ஆடும் நாம் அதை அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறோம்.

குரலும் உடலும் பயிற்சியில் பழகிவிடும். ஒத்திகைக்குச் சொன்ன நேரத்தில் வருகிறவரா, கூட நடிப்பவர் பேசும்போது உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்கிறவரா என்பதைத்தான் புதியவரிடம் நான் முதலில் கவனிப்பேன்.

பெரியவர்களுக்கான நாடகங்களில் நடித்திருக்கிறேன். இதில் என்ன வேறுபாடு?

பெரியவர்கள் சலித்துப்போனாலும் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள், முடிந்ததும் கைதட்டுவார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் நம்பாத ஒரு வசனத்தைச் சொன்ன மறுகணமே பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடும். அரங்கில் விளக்கு வெளிச்சம் உங்கள் மேல் விழும், பார்வையாளர்கள் இருட்டில் இருப்பார்கள். பள்ளி மைதானத்தில் எல்லா முகங்களும் பகல் வெளிச்சத்தில் தெரியும். எங்கே பிடி நழுவியது என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. நடிகருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புதியவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு நாடகம் என்றதும் குரலை மெல்லியதாக்கி, சொற்களை இழுத்து, கண்ணை உருட்டி மழலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இதை முதல் ஒத்திகையிலேயே விட்டுவிடுங்கள். தன்னைச் சிறுபிள்ளையாக நடத்துகிறார்கள் என்பது குழந்தைக்கு உடனே தெரியும், அது பிடிக்கவும் பிடிக்காது. அரசனாக வந்தால் அரசனுக்குரிய கவலையோடு வாருங்கள். பசித்த நரி என்றால் பசி உண்மையாக இருக்கவேண்டும். நடிப்பு பெரிதாக இருக்கலாம், சத்தமாக இருக்கலாம், கோமாளித்தனமாகக்கூட இருக்கலாம். உள்ளே நம்பிக்கை இருந்தால் போதும்.

நாடகம் நடக்கும்போதே குழந்தைகள் குறுக்கே பேசினால் என்ன செய்வது?

பேசுவார்கள். அவர்கள் பேசுவதற்கு இடம் விட்டுத்தான் நாங்கள் நாடகத்தையே அமைக்கிறோம். புதியவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முயல் முன்னால் நடக்கிறது, புலி பின்னால் பதுங்கி வருகிறது. "பின்னாலே! பின்னாலே!" என்று மைதானமே கத்தும். முயல் திரும்பும்போது புலி மரத்தின் பின்னால் மறைந்துவிடும். இரண்டு மூன்று முறை வரை இது கொண்டாட்டம். அதற்கு மேல் போனால் முயலின் மேல் கோபம் வந்துவிடும். இவ்வளவு சொல்லியும் கேட்காத முயல் பிழைத்தால் என்ன, போனால் என்ன என்று விட்டுவிடுவார்கள். அவர்கள் சொன்னது முயலின் காதில் விழவேண்டும். "என்னது? புலியா?" என்று அது நடுங்கவேண்டும். அடுத்த முறை முயல் ஒரு தந்திரம் செய்யவேண்டும்.

கேள்வி கேட்டால் பதிலுக்குக் கட்டுப்படுங்கள். "பாட்டி வீட்டுக்கு ஆற்று வழியாகப் போகட்டுமா, காட்டு வழியாகப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் ஆறு என்றாலும் காடு என்றாலும் ஒரே காட்சியைக் காட்டினால் ஏமாந்ததைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாங்கள் இரண்டு வழிகளுக்கும் ஒத்திகை பார்த்து வைத்திருப்போம். ஒன்று சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு நுட்பமான இடம் உண்டு. புலி வந்து "முயல் எங்கே?" என்று கேட்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் முயலைக் காப்பாற்ற வேறு திசையைக் காட்டுவார்கள். பொய் சொல்லத் தெரியாத சிறு குழந்தை ஒன்று மட்டும் சரியான இடத்தைக் காட்டிவிடும். புலி நேராக அங்கே போய் முயலைப் பிடித்தால், நாடகம் முடிந்த பிறகும் அந்தக் குழந்தையை மற்றவர்கள் "நீதான் காட்டிக்கொடுத்தாய்" என்று குத்திக்காட்டுவார்கள். ஆகவே புலி அந்தத் திசையில் போகவேண்டும், போய்த் தன் முட்டாள்தனத்தால் முயலைத் தவறவிடவேண்டும். உண்மை சொன்ன பிள்ளை மேல் பழி விழக்கூடாது. புலி வேடம் போடுபவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

சத்தம் எல்லை மீறினால் அதை வெல்ல நீங்களும் கத்தாதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள். முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி ஒரு ரகசியம் சொல்லத் தொடங்கினால், பின்வரிசை தானாகவே முன்வரிசையை அடக்கும். கைத்தாளமும் உதவும்: நீங்கள் ஒரு தாளம் தட்டி நிறுத்தினால் அவர்கள் திருப்பித் தட்டுவார்கள். அடுத்ததை மெதுவாகத் தட்டுங்கள். பிறகு விரல் நுனிகளால் மட்டும்.

"நீங்கள் புலி இல்லை, அந்த அண்ணன்தானே?" என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்கும். "ஆமாம், அண்ணன்தான். இப்போது புலியாகப் போகிறேன், பார்க்கிறாயா?" என்று சொல்லி அதன் கண் முன்னாலேயே மாறிக் காட்டுங்கள். விளையாட்டின் விதிகள் குழந்தைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சேலையைச் சுற்றிக்கொண்டு அம்மாவாகவும் துண்டைக் கட்டிக்கொண்டு போலீஸாகவும் தினமும் மாறுகிறவர்கள் அவர்கள்.

விலங்கு வேடம் எப்படிப் போடுவது? தவழ்ந்துகொண்டே இருக்க முடியுமா?

தவழவேண்டாம். முட்டி பத்து நிமிடம்கூடத் தாங்காது, பின்வரிசைக்கு உங்கள் முதுகு மட்டுமே தெரியும். உண்மையான விலங்கைப் போய்ப் பார்த்து அதனிடமிருந்து ஓர் அசைவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காக்கைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதையாவது உற்றுப் பார்க்கத் தலையைச் சாய்க்கும். அந்தச் சாய்ப்பும் இரண்டு தத்தலும் போதும், இறக்கையே தேவையில்லை. ஆடு அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் அரைக்கும். யானையின் பாதத்தில் மெத்தென்ற திசு இருப்பதால் அவ்வளவு பெரிய உடலோடும் அது ஓசையில்லாமல் நடக்கும். தொம் தொம் என்று மிதித்து நடக்கும் யானையைத்தான் எல்லாரும் நடிக்கிறார்கள். நெற்றியை முன்னால் செலுத்தி, எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு நிதானமாக மாற்றி, சத்தமே இல்லாமல் ஒரு யானை வரட்டும். கூட்டம் அமைதியாகிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வேடத்தைப் பார்த்துக் குழந்தை பயந்து அழுதால்?

நிறுத்துங்கள், பின்வாங்குங்கள், உடலைத் தாழ்த்தி உட்காருங்கள். கிட்டே போய்ச் சமாதானம் செய்ய முயலாதீர்கள். பயமே நீங்கள் கிட்டே வருவதால்தான். ஆசிரியரோ அம்மாவோ அந்தப் பிள்ளையைப் பின்னால் அழைத்துப்போகட்டும். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கும்.

இதைத் தவிர்க்க நல்ல வழிகள் நம் கூத்திலேயே இருக்கின்றன. தெருக்கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகுதான் பாத்திரம் வெளியே வரும். ஒரு பழைய சேலையை இருவர் பிடித்துக்கொண்டால் போதும். முதலில் சலங்கைச் சத்தம், பிறகு சேலைக்கு மேலே இரண்டு கொம்புகள், பிறகு ஒரு கை. என்ன வரப்போகிறது என்று குழந்தைகள் ஊகிக்கத் தொடங்கிவிட்டால் பயம் ஆவலாகிவிடும். முகமூடி என்றால் அவர்கள் பார்க்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுமுக முகமூடி வேண்டவே வேண்டாம்.

கட்டியங்காரனையும் கூத்திலிருந்து கடன் வாங்குங்கள். கதைக்குள்ளும் வெளியிலும் நிற்கும் ஒரு பாத்திரம் இருந்தால், மின்சாரம் போவது முதல் நாய் உள்ளே நுழைவது வரை எதையும் நாடகத்தின் பகுதியாக்கிவிடலாம். குழுவிலேயே நல்ல நடிகருக்கு இந்த வேடத்தைக் கொடுங்கள்.

எந்த வயதுக்கு எவ்வளவு நேரம்?

எங்கள் கணக்கு இது: மூன்று முதல் ஐந்து வயது வரை இருபது இருபத்தைந்து நிமிடம், ஆறு முதல் ஒன்பது வரை நாற்பது, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாங்கும். எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைக்கிறோம் என்று பள்ளி சொன்னால் இரண்டு காட்சிகளாகப் பிரித்துக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு எழுதிய நாடகம் எல்.கே.ஜி.க்குப் புரியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களோடு உட்கார்ந்தால் ரசிப்பதற்கே கூச்சப்படுவார்கள்.

மைதானத்தில் நடிக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

வெயில் யார் முகத்தில் விழுகிறது என்பதை. குழந்தைகளின் முதுகுப் பக்கம் சூரியன் இருக்கவேண்டும், கண்கூச்சத்தை நடிகர் தாங்கிக்கொள்ளலாம். முடிந்தால் அவர்களை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் வெயிலில் நில்லுங்கள். காற்று உங்களிடமிருந்து அவர்கள் பக்கம் வீசினால் குரல் எளிதாகப் போகும். பின்னால் ஒரு சுவர் இருந்தால் இன்னும் நல்லது. சின்னவர்கள் முன்னால் ஜமுக்காளத்தில், பெரியவர்கள் பின்னால் பெஞ்சில் என்று அரைவட்டமாக உட்காரவையுங்கள். முன்வரிசைக்கும் உங்களுக்கும் இடையே நான்கைந்து அடி விட்டால் ஓடி ஆடும்போது யார் காலிலும் மிதிக்கமாட்டீர்கள். பக்கத்தில் சாலையோ மணி அடிக்கும் கோயிலோ இருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

மைக் தேவையா என்று கேட்பார்கள். கையில் பிடிக்கும் மைக் நடிகரின் ஒரு கையைப் பறித்துவிடும். அதைவிட, இருநூறு பேருக்கு மேல் உட்காரவைக்கவேண்டாம் என்று கேட்டுப் பெறுவது மேல்.

ஒரே நாளில் இரண்டு காட்சிகள் என்றால் குரல் தாங்குமா?

கத்தினால் தாங்காது. ஒலியை வயிற்று மூச்சிலிருந்து எழுப்பப் பழகவேண்டும். காட்சிக்கு முன் பத்து நிமிடம் உதடு மூடி ரீங்காரம் செய்யுங்கள், கழுத்தையும் தாடையையும் தளர்த்துங்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பது குரல் நாண்களை ஒன்றோடொன்று உரசிப் புண்ணாக்கும். அதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கிழவி, பூதம் போன்ற வேடங்களுக்குக் கரகரப்பான குரலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிழவியைப் பேச்சின் வேகத்தாலும் நிறுத்தங்களாலும் காட்டலாம். குரல் கட்டியிருந்தால் கிசுகிசுப்பதும் நல்லதல்ல, அன்று பேசாமல் ஓய்வு கொடுங்கள்.

அரிதாரமும் உடையும்?

குறைவாகப் பூசுங்கள். பகல் வெளிச்சத்தில், ஐந்தடி தூரத்தில் கனமான அரிதாரம் முகபாவத்தை மறைத்துவிடும். புதிய வண்ணம் எதையும் முதல் நாளே முன்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் மட்டும் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். உடை பருத்தியாக இருக்கட்டும். ஊசிக்குப் பதில் நாடாவோ வெல்க்ரோவோ தையுங்கள், ஏனென்றால் நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். கத்தி, ஈட்டி எல்லாம் அட்டையிலோ பஞ்சிலோ செய்தவையாகத்தான் இருக்கவேண்டும்.

வசனம் மறந்துபோனால்?

கதை தெரியும் அல்லவா, சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். பாட்டுகளை மட்டும் மாற்றாதீர்கள், எல்லாரும் சேர்ந்து பாடுவது குழம்பிவிடும்.

சிரிக்கவைக்க என்ன செய்யலாம்?

எதைச் செய்யக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். குண்டாக இருப்பவர், கறுப்பாக இருப்பவர், திக்கிப் பேசுகிறவர், வழுக்கைத் தலையர் என்று ஒருவரைக் காட்டிச் சிரிப்பு வாங்குவது நம் திரையிலும் மேடையிலும் காலங்காலமாக நடக்கிறது. சிறுவர் நாடகத்தில் அதற்கு இடமே கிடையாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவன் திக்கிப் பேசுகிறவனாக இருப்பான். நீங்கள் வண்டி ஏறிப் போய்விடுவீர்கள். அவனுக்கு மறுநாளிலிருந்து அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் பட்டப்பெயர். அரக்கனுக்குக் கறுப்பும் தேவதைக்கு வெள்ளையும் பூசுவதும் இதே வகைதான்.

பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பது அதிகாரம் சறுக்கும்போது. ராஜா சிம்மாசனத்தில் உட்காரப் போய்த் தரையில் விழவேண்டும். எல்லாம் தெரிந்தவர்போல் பேசும் மந்திரி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே அதை எங்கும் தேடவேண்டும். தோற்பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இந்த வித்தையில் கரைகண்டவர்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பாவைக்கூத்தை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். விழுவதற்கு மட்டும் முறையாகப் பயிற்சி வேண்டும், சிமெண்டுத் தரையில் முட்டி பெயர்ந்துவிடும்.

கடைசியில் நீதி சொல்லவேண்டுமா?

பள்ளிகள் இதை எதிர்பார்க்கும். நாடகம் முடிந்ததும் யாராவது மைக்கைப் பிடித்து "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்பார்கள், பிள்ளைகளும் ஒரே குரலில் எதிர்பார்த்த பதிலைச் சொல்வார்கள். என் கருத்து, வேண்டாம் என்பதுதான். அதற்குப் பதில், தலைமையாசிரியரிடம் முன்பே பேசி, பத்து நிமிடம் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கு வாங்கிக்கொள்ளுங்கள். "புலி இப்போது எங்கே தூங்கும்?", "முயலுக்கு அப்பா இல்லையா?" என்றெல்லாம் கேட்பார்கள். அவர்கள் எதை யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கேள்விகளில்தான் தெரியும். கைகழுவுதல், மழைநீர் சேமிப்பு என்று ஒரு செய்திக்காகவே நாடகம் கேட்டால் போடலாம். அப்போதும் கதை தன் காலில் நிற்கவேண்டும்.

நாடகப் பிரதிக்கு எங்கே போவது? உரிமைச் சிக்கல் வருமா?

நாட்டுப்புறக் கதைகள் எல்லாருக்கும் பொது, அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஈழத்தில் குழந்தை ம. சண்முகலிங்கமும் சி. மௌனகுருவும் சிறுவர்களுக்காக நாடகங்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டும் ஆட்டமுமாக அவை எப்படி ஓடுகின்றன என்று படித்துப் பாருங்கள். புதுச்சேரி வேலு சரவணனின் நிகழ்ச்சி எங்காவது நடந்தால் தவறவிடாதீர்கள். பெரிய அரங்க அமைப்பு எதுவும் இல்லாமல் ஒரு பள்ளிக் கூட்டத்தை நடிகர் எப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறார் என்பதை அங்கே நேரில் கற்கலாம்.

இந்தியாவில் ஒரு படைப்பின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் தொடரும். கட்டணம் வாங்காமல் அமெச்சூர் குழுக்கள் நிகழ்த்துவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. டிக்கெட் வைத்தால் அந்த விலக்குப் பொருந்தாது. விலக்கு இருந்தாலும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள், அவர் பெயரை அறிவியுங்கள்.

குழந்தைகளோடு பழகுவதில் விதிமுறைகள் உண்டா?

உண்டு, கண்டிப்பானவை. எந்த நடிகரும் ஒரு குழந்தையோடு தனியறையில் இருக்கக்கூடாது. உடை மாற்றும் இடம் குழந்தைகள் வராத இடமாக இருக்கவேண்டும், கழிப்பறைக்குப் பிள்ளையை அழைத்துப்போவது ஆசிரியரின் பொறுப்பு. நாடகத்துக்குள் ஒரு பிள்ளையை மேலே அழைக்கும்போது கையை நீட்டிக் காத்திருங்கள், இழுக்காதீர்கள். "வேண்டாம்" என்று தலையாட்டினால் அத்தோடு விட்டுவிடுங்கள். பள்ளியின் அனுமதியில்லாமல் படம் எடுக்கவோ சமூக ஊடகத்தில் போடவோ கூடாது. ஒரு குழந்தை உங்களிடம் தனக்கு நேர்ந்த துன்பம் எதையாவது சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் வந்திருந்தால் தொடங்கும் முன்பே சலங்கை, கொம்பு, முகமூடி எல்லாவற்றையும் அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். திடீர் ஒலி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் பறை அடிக்கப்போவதை முன்னால் சொல்லிவிடுங்கள்.

பணம் கிடைக்குமா?

எங்கள் குழுவில் இல்லை. அரசுப் பள்ளிகளில் எதுவும் வாங்குவதில்லை. வசதியுள்ள வளாகங்களில் பயணச் செலவும் உடைச் செலவும் கேட்கிறோம், கேட்பதில் கூச்சப்படவேண்டாம். பக்கவாத்தியத்துக்குத் தொழில்முறைக் கலைஞரை அழைத்தால் அவருக்குரிய ஊதியத்தை முழுமையாகக் கொடுங்கள். நாம் பொழுதுபோக்காகச் செய்வது அவருக்குப் பிழைப்பு.

எங்கிருந்து தொடங்குவது?

ஊரில் குழு இருந்தால் முதலில் நடிக்கக் கேட்காதீர்கள், ஒரு காட்சிக்குச் சேலை பிடிக்கப் போங்கள். திரையின் ஓரத்தில் நின்றால் நடிகரையும் பிள்ளைகளின் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். குழு இல்லையென்றால் மூன்று பேர் போதும்: இருவர் நடிக்க, ஒருவர் தாளத்துக்கு. உங்கள் பகுதி நூலகத்திலோ பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடமோ பதினைந்து நிமிடக் கதை ஒன்றை நடித்துப் பாருங்கள். பள்ளிகளில் குழந்தைகள் தினத்துக்கு எல்லாரும் நிகழ்ச்சி கேட்பார்கள், நவம்பர் முதல் இரண்டு வாரம் நெருக்கடியாக இருக்கும். புதிய குழுவுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வசதி. தேர்வு நெருக்கடி இல்லாததால் தலைமையாசிரியர்கள் நிதானமாகப் பேசுவார்கள். கடிதத்தில் கதைச் சுருக்கம், நேரம், எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த வகுப்புகளுக்கு என்பதை எழுதிக்கொடுங்கள். நடக்கவிருக்கும் இடத்தைப் பார்க்க ஒரு நாள் முன்பே அனுமதி கேளுங்கள்.